சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே விமானத் தூரமும் பயண நேரமும் எவ்வளவு என்றும், பயணச்சீட்டின்படி போவதற்கு ஏழு மணி நேரம் ஆவதாகவும் திரும்பி வர இரண்டு மணி நேரம்கூட ஆகாததாகவும் தெரிவது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் தங்கை சிங்கப்பூரில் குடியேறியதிலிருந்து இந்தத் தடத்தில் பல முறை போய்வந்திருக்கிறேன்.

மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி வரை நேர்த்தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானிகள் இதை ஏறத்தாழ 1,570 கடல் மைல் என்பார்கள். பூமி உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதையில் அளந்த தூரம் இது. அந்தப் பாதை வங்காள விரிகுடாவைக் கடந்து, பெரிய நிக்கோபார் தீவின் அருகே சென்று, மலாக்கா நீரிணையை ஒட்டி இறங்குகிறது. விமானங்கள் வகுக்கப்பட்ட வான்தடங்களிலேயே செல்ல வேண்டியிருப்பதால், உண்மையில் பறக்கும் தூரம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வராது. ஆனால் மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், சாங்கிக்கு மேல் இறங்கும் முறைக்காகச் சுற்றுவதும் உண்டு. இவை அனைத்தையும் சேர்த்தே விமான நிறுவனங்கள் நான்கு முதல் நான்கரை மணி நேரம் என்று குறிக்கின்றன.

சீட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்திலேயே அச்சிடப்படுகின்றன என்பதுதான் உங்கள் குழப்பத்துக்குக் காரணம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு 11:00 மணிக்குச் சென்னையில் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால், அங்கே காலை 5:45. கழித்துப் பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம். அங்கே இரவு 8:00 மணிக்குக் கிளம்பினால் இங்கே இரவு 9:45; ஒன்றே முக்கால் மணி நேரம்தான் ஆனது போலத் தோன்றும். சூரியனை வைத்துப் பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 95 நிமிடங்களே. சிங்கப்பூர் தன் தீர்க்கரேகைக்கு உரியதைவிட முந்திய நேரத்தை வைத்துக்கொண்டிருப்பதுதான் மீதி. 1982 ஜனவரி 1 அன்று அங்கே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளும்வரை, நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேர வேறுபாடே இருந்தது.

கிழக்கே போகும் விமானம் எப்போதும் விரைவாகப் போகும் என்று சிலர் சொல்வார்கள். அட்லாண்டிக்கின் மேல் அது பெரும்பாலும் சரி. இங்கே அப்படியே பொருந்தாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் உயர் வானில் காற்று கிழக்கிலிருந்து வீசுவதால், சிங்கப்பூர் செல்லும் விமானத்துக்கு அது எதிர்காற்றாகிறது. ஆனாலும் இவ்வளவு குறுகிய தூரத்தில் வேறுபாடு சில நிமிடங்கள்தான்.

நேரத்தைக் கணக்கிடுவதைவிடத் தேதியைக் கவனிப்பது முக்கியம் என்பேன். ஒரு முறை 12ஆம் தேதி 00:20 என்று அச்சிட்டிருந்ததை என் அப்பா 12ஆம் தேதி இரவு என்று எடுத்துக்கொண்டார். 11ஆம் தேதி மாலை தங்கை தொலைபேசியில் அழைத்து, "இன்னும் வீட்டிலேயா இருக்கீங்க?" என்று கேட்ட பிறகுதான் பெட்டியைக் கட்டவே தொடங்கினோம்.