ஆகப் பெரிய கிதார் கலைஞர் யார்? – கடிதம்

வணக்கம்.

நண்பர்கள் நால்வருக்குள் பல வாரமாக ஒரு விவாதம். இன்று நம்மிடையே இருக்கும் கிதார் கலைஞர்களில் ஆகப் பெரியவர் யார்? ஒருவர் இங்வே மால்ம்ஸ்டீன் என்கிறார். அந்த வேகத்துக்குக் கிட்டே யாரும் வரமுடியாது என்பது அவர் கட்சி. இன்னொருவருக்கு எரிக் கிளாப்டன்தான் எல்லாம். மூன்றாமவர், இசையில் தரவரிசை போடுவதே தப்பு, அவரவர் ரசனை என்று முடித்துவிடுகிறார். எனக்கு அது தப்பித்தலாகப் படுகிறது. நான் ஓரளவு கிதார் வாசிப்பேன். காதால் கேட்டு முடிவுசெய்ய ஏதாவது அளவுகோல் உண்டா? உங்கள் தேர்வு யார்?

அன்புடன்,
கி.

அன்புள்ள கி.,

மூன்றாவது நண்பரோடு எனக்கும் உடன்பாடில்லை. எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்பது ரசனை. இழுத்த தந்தி சுருதி சேர்ந்ததா இல்லையா என்பதில் ரசனைக்கு வேலை இல்லை. காதுக்கே தெரியும், சந்தேகம் இருந்தால் சுருதி பார்க்கும் ட்யூனர் காட்டிவிடும்.

என் தேர்வு அமெரிக்க ஸ்லைடு கிதார் கலைஞர் டெரிக் ட்ரக்ஸ். ஜெஃப் பெக் 2023 ஜனவரி 10 அன்று மறைந்தார். அதற்கு முன்பு கேட்டிருந்தால் அவர் பெயரைச் சொல்லியிருப்பேன். இருவரையும் ஒரே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன், அந்தக் காரணம் கிதாரின் பிறவிக்குறையில் இருக்கிறது.

கிதாரில் மீட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். வயலினைப் போல வில்லால் நீட்ட முடியாது. போதாக்குறைக்கு ஃப்ரெட்கள், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள், ஸ்தாயியைப் பன்னிரண்டு சம துண்டுகளாக வெட்டி வைத்திருக்கின்றன. இந்தக் கருவியைப் பாடவைப்பவர் இரண்டு தடைகளையும் கைவிரலால் தாண்டுகிறார். எவ்வளவு சுத்தமாகத் தாண்டுகிறார் என்பதே என் அளவுகோல்.

நீங்களே வாசிப்பவர் என்பதால் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டாம் தந்தியில் பத்தாவது ஃப்ரெட்டை மீட்டி அந்த ஒலியைக் காதில் நிறுத்துங்கள். பிறகு எட்டாவது ஃப்ரெட்டை மோதிர விரலால் அழுத்தி, அதே உயரம் வரும்வரை தந்தியை மேலே தள்ளுங்கள். ஒரு முழு ஸ்வரம் ஏற வேண்டும். பழகாத கையில் அது கொஞ்சம் கீழேயே நின்றுவிடும், ஏனென்றால் ஒரே விரல் தனியாகத் தள்ளுகிறது. பின்னால் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே தந்தியில் சேர்ந்து தள்ள, மணிக்கட்டு திரும்ப வேண்டும். உச்சியைத் தொட்டபின் அங்கேயே அசைவு கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு அசைவும் ஒரே இடத்துக்குத் திரும்பி வருகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான வாசிப்பு இங்கேதான் கலைகிறது.

ஃப்ரெட்டில் சும்மா அழுத்திய ஸ்வரத்துக்கு இன்னொரு சிக்கல். தந்தியை எந்தப் பக்கம் தள்ளினாலும் இழுவை கூடும், சுருதி ஏறும். அதற்குக் கீழே போக வழியே இல்லை. ஆகவே அகலமாக அசைத்தால் மொத்தமும் கொஞ்சம் ஏறினாற்போல ஒலிக்கும். கிளாப்டன் பல சமயம் கட்டைவிரலைக் கிதாரின் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு முன்கையோடு சேர்த்து அசைப்பார். அகலமும் வேகமும் மாறாமல் வரும் அந்த அசைவுக்காகவே உங்கள் இரண்டாவது நண்பர் அவரை நேசிக்கிறார் என்று நினைக்கிறேன். நியாயமான நேசம்.

மால்ம்ஸ்டீன் விஷயத்துக்கு வருகிறேன். நிமிடத்துக்கு 180 தாளம், ஒரு தாளத்துக்கு நான்கு ஸ்வரம் என்றால் வினாடிக்கு 12 ஸ்வரம். எண்ணிவிடக்கூடிய விஷயம் இது, எண்ணிக்கையை எட்டியவர்கள் இன்று ஏராளம். வேகத்தைச் சோதிக்க ஒளிப்பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரு தந்தியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தைக் கவனியுங்கள். இடைவெளி பிசகுவது பெரும்பாலும் அங்கேதான். ஒலிபெருக்கியான ஆம்ப்பில் டிஸ்டார்ஷன் எனும் கரகரப்பு அதிகமாக இருந்தால் பலமாக மீட்டியதும் மெதுவாக மீட்டியதும் ஒரே அளவுக்கு நசுங்கி வரும், கையின் ஏற்றத்தாழ்வு மறைந்துவிடும். டிலே எனும் எதிரொலிக் கருவி இன்னொரு திரை. 120 தாள வேகத்தில் ஒரு தாளம் 500 மில்லிசெகண்ட். எதிரொலியை 375-இல் வைத்தால் அது சரியாக முக்கால் தாளத்தில் விழுந்து இடைவெளிகளை நிரப்பும். ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதாகக் கேட்கும். இவற்றை இசைக்காகப் பயன்படுத்துவதில் எந்தத் தவறும் இல்லை. கையை மதிப்பிடும்போது மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். ஒன்று சொல்ல வேண்டும்: மால்ம்ஸ்டீனை வேகத்துக்காக மட்டும் புகழ்வது அவரைக் குறைத்துச் சொல்வது. ஓட்டத்தின் முடிவில் ஒரே ஸ்வரத்தில் நின்று அவர் கொடுக்கும் அகன்ற அசைவைக் கேட்கச் சொல்லுங்கள்.

அவர் கிதாரில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருப்பார்கள். விரல் மரத்தைத் தொடாது. வீணை மெட்டுகளின் உயரம் செய்யும் வேலையை இந்தப் பள்ளம் ஓரளவு செய்கிறது, தந்தியை இழுப்பது எளிதாகிறது. அதற்கு ஒரு விலை உண்டு. சற்றுப் பலமாக அழுத்தினாலே சுருதி ஏறிவிடும், கை பூப்போல இருக்க வேண்டும். 1970-களில் சக்தி இசைக்குழுவுக்காக ஜான் மெக்லாஃப்லின் வாசித்த கிதாரிலும் இதே பள்ளம் உண்டு. ஆறு தந்திகளுக்கு அடியில், ஒலித்துளைக்கு மேலே சாய்வாக, தாமாகவே சேர்ந்து அதிரும் ஏழு அனுசுருதித் தந்திகளும் இருந்தன. விக்கு விநாயகராமின் கடத்துக்கும் எல். சங்கரின் வயலினுக்கும் நடுவே உட்கார்ந்து, ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே மீட்டி அந்த வேகத்தில் வாசித்தவர் அவர். லயத்தை முன்வைத்துக் கேட்டால் என் பதில் மெக்லாஃப்லின்தான், ஒரு நொடி யோசிக்க மாட்டேன்.

பாடவைப்பதை வைத்துக் கேட்டால் ட்ரக்ஸ். ஜெஃப் பெக், தந்தியை மீட்டும் சிறு வில்லையான பிக்கை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் மீட்டினார். சுண்டுவிரல் வால்யூம் குமிழைத் திருப்பி மீட்டும் ஓசையை மறைக்கும். உள்ளங்கைக்குள் இருக்கும் ட்ரெமோலோ கம்பி சுருதியை மேலும் கீழும் நகர்த்தும். ட்ரக்ஸ் விரலில் மாட்டும் ஸ்லைடு எனும் கண்ணாடிக் குழாயை வைத்து அதே இடத்துக்கு வேறு வழியில் போகிறார். 1979-இல் பிறந்தவர், இருபது வயதில் ஆல்மன் பிரதர்ஸ் ராக் குழுவில் சேர்ந்தவர். அலி அக்பர் கானின் சரோத் அவரை ஆழமாகப் பாதித்தது. சரோதிலும் ஃப்ரெட் கிடையாது என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் அவர் வாசிப்பு இன்னும் திறக்கும்.

அவருடைய சுருதி கூட்டல் தடித்த தந்தியிலிருந்து ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ. ஈ-யை ஷட்ஜமாக வைத்தால் ச ப ச க ப ச. வழக்கமான கூட்டலிலிருந்து ஐந்தாம், நான்காம் தந்திகளை ஒரு முழு ஸ்வரமும், மூன்றாம் தந்தியை அரை ஸ்வரமும் ஏற்ற வேண்டும். கழுத்தில் இழுவை கூடும். தந்தி அறுந்துவிடுமோ என்று பயந்தால் எல்லாவற்றையும் ஒரு ஸ்வரம் கீழே டி-யில் கூட்டி, இரண்டாவது ஃப்ரெட்டில் கேபோ, அதாவது எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி, போடுங்கள். அதே பலன்.

மோதிர விரலில் மாட்டிய ஸ்லைடு சரியாக ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். விரலால் அழுத்துவதுபோல இரண்டு கம்பிகளுக்கு நடுவே வைத்தால் சுருதி விழுந்துவிடும். தந்தியை அழுத்தவும் கூடாது, அழுத்தினால் கண்ணாடி ஃப்ரெட்டில் இடித்து ‘டக்’ என்று கேட்கும். ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கும் தந்திப்பகுதியும் அதிரும், அங்கிருந்து சம்பந்தமில்லாத இன்னொரு சுருதி கிளம்பும். மற்ற விரல்கள் அங்கே மெல்லத் தொட்டு அதை அடக்க வேண்டும். வாசிக்காத தந்திகளை வலது கை அடக்கும். ட்ரக்ஸ் பிக் இல்லாமல் விரல்களால் மீட்டுவதால் ஒவ்வொரு தந்தியிலும் ஏதோ ஒரு விரல் காவல் இருக்கிறது. அவருக்கும் நல்ல ஸ்லைடு கலைஞர் ஒருவருக்கும் இருக்கும் வித்தியாசம் பாதிக்கு மேல் இந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

மீதி காந்தாரத்தில். ஃப்ரெட்டில் கிடைக்கும் அந்தர காந்தாரம், தம்பூராவோடு கரையும் காந்தாரத்தைவிடச் சற்று ஏறியிருக்கும். அரை ஸ்வரத்தை நூறு பங்காக்கினால் ஏறக்குறைய 14 பங்கு. ஸ்லைடுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ட்ரக்ஸ் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ப்ளூஸ் வேண்டும் இடத்தில் நின்று, அங்கிருந்து மெல்ல ஏறி, ஷட்ஜத்தோடு கரையும் இடத்தில் போய் உட்கார்வார். அசைவு அந்த ஸ்வரத்துக்கு இரு பக்கமும் சமமாக விழும். சித்திரவீணை கேட்டுப் பழகிய காதுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நைலான் தந்திக் கலைஞர்களை இந்தப் போட்டிக்கு வெளியே வைத்திருக்கிறேன். செவ்வியல் கிதார் கலைஞர் ஜான் வில்லியம்ஸின் வலது கை செய்வது முற்றிலும் வேறு வேலை. ஹார்மனி பற்றிய கேள்வி என்றால் பாட் மெத்தீனி, ஒரே ஆள் பேஸையும் மெட்டையும் சேர்த்து வாசிப்பது என்றால் டாமி இம்மானுவேல். இந்த இரண்டிலும் ட்ரக்ஸை நான் முன்னிறுத்த மாட்டேன்.

நண்பர்களோடு ஒரு நாள் உட்காருங்கள். மால்ம்ஸ்டீன், கிளாப்டன், ட்ரக்ஸ் மூவரின் மேடைப் பதிவிலிருந்தும் மெதுவான ப்ளூஸில், நான்கு தாளம் கொண்ட 12 அளவுகள் (பார்) எடுங்கள். 60 தாள வேகத்தில் 48 வினாடி வரும். ஸ்டூடியோ பதிவு வேண்டாம், பல முறை வாசித்துச் சிறந்த துண்டுகளை ஒட்டியிருக்கலாம். மூன்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள், சத்தம் கூடியது எப்போதும் மேலானதாகக் கேட்கும். பெயரைச் சொல்லாமல் ஓடவிட்டு, நீண்ட ஸ்வரங்களை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். முடிவை எனக்கு எழுதுங்கள்.