மறுபிறவி: உடல் பிறப்பதா, 'நான்' பிறப்பதா?

கேள்வி: பௌத்தம் சொல்லும் மறுபிறவி என்பது செத்த பிறகு இன்னோர் உடலில் பிறப்பது அன்று, மனத்தில் 'நான்' என்ற எண்ணம் மீண்டும் மீண்டும் எழுவதையே புத்தர் அப்படிக் குறித்தார் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். மணிமேகலையைப் படித்திருக்கும் எனக்கு இது குழப்பமாக இருக்கிறது. எது சரி? (வாசகர், கும்பகோணம்)

பதில்: நீங்கள் கேட்ட விளக்கத்தை இக்காலத்தில் மிக வலுவாக எடுத்துரைத்தவர் தாய்லாந்துத் துறவி புத்ததாசர் (1906–1993). தென் தாய்லாந்தின் சையாவில் 1932இல் சுவன் மோக் என்னும் வனமடத்தை நிறுவியவர் அவர். உலக வழக்கில் பிறப்பு என்றால் தாய் வயிற்றிலிருந்து வருவது, தம்ம (அறநெறி) வழக்கில் 'நான்', 'எனது' என்னும் எண்ணம் தலைதூக்குவது என்று பிரித்துக் காட்டினார்.

இதன் அருமையை வீட்டிலேயே பார்க்கலாம். உறவினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வருகிறது. பிரித்துப் பார்த்தால் தாய்மாமன் வரிசையில் எல்லார் பெயரும் இருக்க, உங்கள் பெயர் மட்டும் விடுபட்டிருக்கிறது. கண் எழுத்தைத் தொட்டதும் மனம் சுருக்கென்கிறது, 'என்னை மதிக்கவில்லை' என்ற எண்ணம் பற்றிக்கொள்கிறது, ஒரு நிமிடத்துக்கு முன் இல்லாத 'அவமதிக்கப்பட்ட நான்' அந்த இடத்திலேயே பிறந்துவிடுகிறது. மாலையில் மன்னிப்புக் கேட்டுத் தொலைபேசி வந்ததும் அந்த 'நான்' செத்தும் போகிறது. ஒன்றைச் சார்ந்து ஒன்று எழும் காரணத் தொடராக மணிமேகலை எண்ணிச் சொல்லும் பன்னிரு சார்புகளில் ஊறு (புலன் பொருளைத் தொடுதல்), நுகர்வு, வேட்கை, பற்று, பவம் (ஆதல்), தோற்றம் (பிறப்பு) என வரும் வரிசை இந்த ஒரு பகலுக்குள் நடந்தேறிவிடுவதைக் காண்கிறோம். பாலி மொழியில் உள்ள அபிதம்மம் என்னும் பௌத்தத் தத்துவத் தொகுதியின் விபங்கம் என்னும் நூலே இச்சார்புத் தொடரை ஒரே மனக்கணத்துக்குள் வைத்தும் விளக்குவதால், இவ்வகை வாசிப்பு முற்றிலும் புதியது என்றும் சொல்ல முடியாது.

ஆனால், புத்தர் இதை மட்டும்தான் கருதினார் என்று சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. புத்தர் உரைகளின் பாலித் தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் பிறப்பு என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும் இடத்தில், உயிர்கள் அந்தந்த உயிர்க்கூட்டத்தில் பிறத்தல், கந்தங்கள் (உடலும் மனமுமாகிய ஐந்து கூறுகள்) வெளிப்படுதல், புலன்வாயில்களைப் பெறுதல் என்று இருக்கிறது. அடுத்து மூப்பைச் சொல்லும்போது பல் உடைதல், தலை நரைத்தல், தோல் திரைதல் என்று வருகிறது. மனத்தில் எழுந்தடங்கும் கோபத்துக்குப் பல் உடைவதில்லை, தலை நரைப்பதில்லை. போதி பெற்ற இரவின் முதல் யாமத்தில் தம் முற்பிறவிகளை நினைவுகூர்ந்ததாகப் புத்தரே சொல்வதும் சுத்தங்கள் எனப்படும் அவருடைய உரைகளில் இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் உரை வகுத்த புத்தகோசர் இச்சார்புகளை மூன்று பிறவிகளுக்குப் பகிர்ந்தார்; மணிமேகலைக் காப்பியத்தில் நாயகிக்கு ஆசானான அறவண அடிகளும் அவற்றை மூன்று காலத்துக்கு வகுத்தே போதிக்கிறார். மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைக் கண்டு முற்பிறப்பை உணர்ந்த மணிமேகலைக்கு அந்தப் போதனை குழப்பம் தந்திருக்காது.

கேள்வி: ஆன்மா இல்லை என்று சொல்லிவிட்டு மறுபிறவியையும் சொன்னால், பிறப்பது எது? (அதே வாசகர்)

பதில்: புத்ததாசர் புத்தகோசரிடம் குறை கண்டதும் இங்கேதான். மூன்று பிறவி என்று பேசினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடந்து செல்லும் ஓர் ஆன்மாவைப் பின்வாசல் வழியாக அழைத்து வந்துவிடுவோம் என்று அஞ்சினார். நியாயமான அச்சம். புத்தர் காலத்திலேயே சாதி என்னும் பெயர் கொண்ட பிக்கு (பாலியில் மீனவர் மகன் என்று குறிக்கப்படுபவர்) இதே உணர்வுதான் பிறவிதோறும் ஓடுகிறது என்று சொல்லி, புத்தரிடம் கடுமையான கண்டிப்புக்கு ஆளானார். உணர்வு காரணங்களைச் சார்ந்தே எழுகிறது, விறகில் எரிந்தால் விறகுத் தீ, வைக்கோலில் எரிந்தால் வைக்கோல் தீ என்று புத்தர் அவருக்கு விளக்கினார். மிலிந்த மன்னன் என்னும் கிரேக்க அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் காட்டியது இரவெல்லாம் எரியும் விளக்கை: முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல. ஆகவே உடற்பிறவியை ஏற்பவர்கள் ஆன்மாவையும் ஏற்றாக வேண்டும் என்பதில்லை. தொடர்ச்சியை ஏற்றால் போதும்.

மறுமையை நம்ப முடியாதவர், 'எனக்கு அது விளங்கவில்லை' என்று நேராகச் சொல்வது, 'புத்தர் அப்படிச் சொல்லவே இல்லை' என்று நூலைத் திருத்துவதைவிட மேலானது என்று நினைக்கிறேன். அப்படிப்பட்டவரைப் புத்தர் வெளியே நிறுத்தவும் இல்லை. யாரை நம்புவது என்று ஐயுற்றிருந்த காலாமர் என்னும் குலத்தாரிடம் பேசியபோது, பகையற்ற தூய மனம் உடையவருக்கு நான்கு ஆறுதல்கள் உண்டு என்றார்: மறுமை இருந்தால் நற்கதி கிடைக்கும் என்பது முதலாவது, மறுமை இல்லையென்றாலும் இங்கேயே, இப்போதே பகையின்றித் துன்பமின்றி வாழ்கிறேன் என்பது இரண்டாவது.