ஏரியில் இறக்கியதும் சிக்னல் போகிறதே, ஏன்?

கேள்வி: 80 செ.மீ. நீளமுள்ள ஃபைபர் கிளாஸ் இழுவைப் படகு மாடலுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ கன்ட்ரோல் செட் போட்டிருக்கிறேன். தரையில் படகைக் கையில் பிடித்துப் பார்த்தால் 100 மீட்டர் தாண்டியும் நன்றாக வேலை செய்கிறது. ஏரியில் விட்டால் 40 மீட்டரிலேயே சுக்கான் நின்று நின்று திரும்புகிறது. ரிசீவர் படகின் அடியில் பேட்டரி பக்கத்தில் இருக்கிறது, ஆன்டெனாவைச் சுருட்டி வைத்திருக்கிறேன். பழைய செட் போல நீள ஒயர் வெளியே விட வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீள ஒயர் 27, 40 மெகாஹெர்ட்ஸ் காலத்துச் சமாச்சாரம். உங்கள் செட்டில் அலைநீளமே சுமார் 12.5 செ.மீ.தான். அதில் கால் பங்கு, அதாவது நுனியில் உறை உரிந்து தெரியும் 31 மி.மீ. மெல்லிய கம்பி மட்டுமே சிக்னலை வாங்கும். மீதி ஒயர் வெறும் இணைப்பு. அதைத் தளர்வாகச் சுற்றி வைத்தால் பாதகமில்லை, முறுக்கி மடிக்காதீர்கள். நுனியைச் சுருட்டினால்தான் வினை.

இப்போது அந்த நுனி நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸைத் தண்ணீர் விழுங்கிவிடும். நீர்மூழ்கி மாடல் விடுகிறவர்கள் இன்றும் பழைய 40 மெகாஹெர்ட்ஸ் செட்டைக் கைவிடாததற்குக் காரணம் இதுதான். இன்னொன்று: நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலை, நேரே வரும் அலையைத் தூரம் கூடக்கூட அடித்துவிடும். ஆன்டெனா தாழ்வாக இருந்தால் இந்த இழப்பு அதிகம். தரையில் நீங்கள் இடுப்புயரத்தில் பிடித்திருந்தீர்கள், அதனால் தெரியவில்லை.

ரிசீவரைக் கழற்றி, மேல்தளத்துக்குக் கீழே பக்கச்சுவரில் வெல்க்ரோவால் ஒட்டுங்கள். மோட்டாரும் ஸ்பீடு கன்ட்ரோலரும் எதிர்முனையில் இருக்கட்டும். மாலுமி அறைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலைச் செங்குத்தாக நிறுத்தி, நுனியை அதற்குள் நேராக ஏற்றுங்கள். நீர்மட்டத்துக்கு மேல் 10 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள், 15 கிடைத்தால் இன்னும் நல்லது. பசையைக் குழலில் வையுங்கள், நுனியில் வேண்டாம். இரட்டை ஆன்டெனா ரிசீவர் என்றால் இரண்டாவதை முதலாவதற்குச் செங்குத்தாகப் படுக்க வையுங்கள். பித்தளைப் பாய்மரத்தையும் கைப்பிடிக் கம்பிகளையும் ஒட்டி வைக்கக் கூடாது. கார்பன் ஃபைபர் அறையாக இருந்தால் 31 மி.மீ. முழுவதும் வெளியே நீட்ட வேண்டும்.

கரையில் நிற்கும்போது டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவின் முனையைப் படகை நோக்கி நீட்டாதீர்கள். முனைத் திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு.

பிறகு படகைத் தண்ணீரில் விட்டு, டிரான்ஸ்மிட்டரின் ரேஞ்ச் டெஸ்ட் பொத்தானை (சோதனைக்காகச் சிக்னல் வலுவைக் குறைப்பது) அழுத்தியபடி கையேடு சொல்லும் தூரம் நடந்து பாருங்கள். பலவற்றில் அது 30 தப்படி. முதலில் மோட்டாரை நிறுத்தி, அடுத்து ஓடவிட்டு. ஓடும்போது மட்டும் தடுமாறினால் ஆன்டெனாவைக் குறை சொல்லிப் பயனில்லை, மோட்டாரின் மின் இரைச்சல் காரணமாக இருக்கலாம். பிரஷ் மோட்டார் என்றால் இரு முனைகளுக்கிடையே 104 எண்ணிட்ட செராமிக் கெபாசிட்டர் ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடலுக்கு 473 ஒவ்வொன்று சாலிடர் செய்யுங்கள். உடலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காவிட்டால் ஈயம் பிடிக்காது. பிறகும் தடுமாறினால், சுக்கானைக் கையால் தடுத்தபடி ரிசீவரின் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் பாருங்கள். 4.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் ரிசீவருக்குத் தனியாக 5 வோல்ட் சப்ளை கொடுப்பதே நல்லது.

ரிசீவரில் ஈரம் படாமலிருக்கப் பலூன் உறை போதும். வினிகர் வாசனை வீசும் சிலிகான் மட்டும் சர்க்யூட் பக்கம் வரவேண்டாம், செம்பை அரிக்கும்.

கடைசியில் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் படகு என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு. சில ரிசீவர்கள் சிக்னல் போனாலும் கடைசியாக வந்த வேகத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். மோட்டார் நிற்கும்படி அமைத்து, படகைத் தாங்கியில் வைத்து, படகை உந்தும் விசிறி (ப்ரொப்பெல்லர்) சுழலும்போது டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். இரண்டொரு நொடியில் விசிறி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஏரிக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.