காய்ந்த அரளி மாலையும் கடிக்கிற குட்டியும்

கேள்வி: எங்கள் ஐந்து மாத லாப்ரடார் குட்டி, மணி பிளான்ட் இலையைக் கடித்துவிட்டு அரை மணி நேரம் எச்சில் வடித்தது. மாடியில் அரளி, கற்றாழை, ரோஜா வளர்க்கிறோம். பூனை ஒன்றும் இருக்கிறது. செடிகளையெல்லாம் எடுத்துவிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. மணி பிளான்ட் மிரட்டும். உயிரை எடுப்பது மிக அரிது. அதன் இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கின்றன. கடித்ததும் அவை நாக்கிலும் ஈறிலும் குத்தும். சேனைக்கிழங்கு அரிந்த கை அரிக்கிறதே, அதே சங்கதிதான். ஈரத்துணியால் வாயைத் துடைத்து, ஒரு கரண்டி தயிர் கொடுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். நாக்கு வீங்கி மூச்சு திணறினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் தூக்கி வாருங்கள். கற்றாழையின் தோலுக்கடியில் கசியும் மஞ்சள் பால் வாந்தியும் பேதியும் உண்டாக்கும். தொட்டியை உயரத்தில் வைத்தால் போதும். ரோஜாவில் முள்ளைத் தவிர வேறு வம்பில்லை.

நான் பயப்படுவது அரளிக்குத்தான். இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். முதலில் வாந்தி, பிறகு சோர்வு, நாடித்துடிப்பில் தடுமாற்றம் என்று போகும். காய்ந்தாலும் வீரியம் போவதில்லை. செடியை எட்டாத இடத்தில் வைத்திருப்போம். சாமி படத்தில் வாடிய அரளி மாலையைக் கழற்றி மாடி மூலையில் போட்டுவிடுவோம். குட்டிக்கு அது இழுத்து விளையாட ஒரு கயிறு. உங்கள் குட்டிக்குப் பால் பல் விழும் வயது, எதையும் கடிக்கும். அரளியை இப்போதைக்கு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: தொட்டிக்கு என்ன உரம் போடுகிறீர்கள்? ஆமணக்குப் புண்ணாக்கு என்றால் உடனே நிறுத்துங்கள். அந்த வாசனைக்கு நாய்கள் மண்ணைத் தோண்டித் தின்னும். அதில் ரிசின் என்ற கொடிய நஞ்சு மிஞ்சியிருக்கலாம்.

பூனைக்கு எமன் லில்லிதான். பூங்கொத்துகளில் வரும் பெரிய ஆசியாட்டிக், ஓரியண்டல் லில்லிகளைச் சொல்கிறேன். இலையைத் தின்னக்கூட வேண்டாம். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே, பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலே சிறுநீரகம் கெட்டுவிடும். நாய்க்கு இதனால் வயிற்றுக் கோளாறோடு போகும். பூனைக்கு மூன்று நாளில் உயிரே போகலாம். வாந்தி நின்றுவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். சிகிச்சை முதல் 18 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கல்யாண வரவேற்பிலிருந்து பூங்கொத்து வந்தால், லில்லியை வாசலிலேயே பிரித்தெடுத்துவிடுங்கள்.

எந்தச் செடியைத் தின்றாலும் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வந்தால், செடியோடு அதற்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். வாயில் மிச்சமிருப்பதை எடுத்துவிட்டு, எத்தனை மணிக்குத் தின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடித்த செடியில் ஒரு கொத்தை ஒடித்துப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். “ஏதோ ஒரு பச்சை இலை, டாக்டர்” என்றால், நான் எந்த மருந்தை எடுப்பது?