பாத்ரூம் கறைக்கு பிளீச்சிங் பவுடர் தூவி, மேலே ஆசிட் ஊற்றலாமா? ஜன்னலைத் திறந்து வைத்தால் போதுமா?

கூடாது. ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது.

தண்டையார்பேட்டை ஸ்டோர் வீடு, சின்ன பாத்ரூம், நேற்று அம்மா இரண்டையும் சேர்த்துப் போட்டதும் புகை வந்து கண் எரிந்தது, இன்னும் இருமல் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் முதலில் அம்மா, பிறகு கறை. ஒரு நாள் ஆகியும் இருமல் இருந்தால் இன்றே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் நுரையீரலைப் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு இறுக்குகிறது, வீசிங் சத்தம் கேட்கிறது, நுரையாகச் சளி வருகிறது என்றால் ஆட்டோ தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் என்றால் இருமல் குறைந்திருந்தாலும் போங்கள். "பாத்ரூம் கழுவினாங்க, மூச்சு முட்டுது" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்குப் புரியாது. "பிளீச்சிங் பவுடர்ல ஆசிட் ஊத்தி குளோரின் வாயுவை சுவாசிச்சிட்டாங்க, இத்தனை மணிக்கு, இவ்வளவு நேரம் உள்ளே இருந்தாங்க" என்று சொல்லுங்கள். இந்த வாயுவில் நுரையீரலில் நீர் கோப்பது உடனே தெரியாமல், பல மணி நேரம் கழித்தும் வரலாம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

இனி, அங்கே என்ன நடந்தது என்று பார்ப்போம். நல்ல பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டில் 30 முதல் 35 சதவீதம் குளோரின் என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கே ஆசிட் பட்டால் எவ்வளவு குளோரின் வெளியேறும் என்ற கணக்குத்தான். ஒரு கைப்பிடி பவுடர் 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 16 கிராம் போல குளோரின், வாயுவாக ஐந்தரை லிட்டர். உங்கள் பாத்ரூம் 4 அடிக்கு 4 அடி, 7 அடி உயரம் என்றால் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 3,200 லிட்டர். முழுதும் கிளம்பினால் பத்து லட்சத்தில் 1,700 பங்கு. பத்தில் ஒரு பங்கு கிளம்பினாலே 170. தொழிற்சாலைகளில் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் அளவு வெறும் 10. இதைக் கிளப்ப ஒரு பெரிய டம்ளர் டாய்லெட் கிளீனர் போதும், ஏனென்றால் கடையில் விற்கும் நீல நிறக் கிளீனரிலேயே சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. "நாங்க ஆசிட் வாங்கறதில்ல, கிளீனர்தான்" என்பது பாதுகாப்பு ஆகாது.

ஜன்னல் ஏன் உதவாது? குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். அது தரையோடு படரும். நம் வீடுகளில் பாத்ரூம் வென்டிலேட்டர் தலைக்கு மேலே. தேய்ப்பவரின் முகமோ தரையிலிருந்து ஓரடி, ஒன்றரையடி உயரத்தில், குந்தி உட்கார்ந்து பிரஷ் போடும் இடத்தில். வாயு எங்கே தேங்குகிறதோ அங்கேதான் மூக்கும் இருக்கிறது. கண்ணின் ஈரத்திலும் மூச்சுக்குழாயின் ஈரத்திலும் பட்ட இடத்திலேயே அது அமிலமாக மாறிப் புண்ணாக்கும். 1915-ல் முதல் உலகப் போரில் ஈப்ர என்ற இடத்தில் பதுங்குகுழிகளுக்குள் இறங்கும்படி காற்றில் விட்டதும் இதே வாயுதான்.

"எங்கம்மா முப்பது வருஷமா இப்படித்தான் கழுவறாங்க, ஒண்ணும் ஆகல" என்று கீழே யாராவது எழுதுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிளீச்சிங் பவுடர் ஈரத்திலும் சூட்டிலும் சீக்கிரம் வீரியம் இழக்கும். காசிமேடு, ராயபுரம் மாதிரி கடல் காற்று அடிக்கும் இடத்தில் வாய் திறந்து கிடக்கும் பாக்கெட் நாளாக நாளாக வெறும் சுண்ணாம்பாகிவிடும். அந்தச் செத்த பவுடரில் ஆசிட் ஊற்றினால் பெரும்பாலும் நுரைதான், குளோரின் குறைவாகவே வரும். பிரித்த அன்றே புது பாக்கெட்டைக் கொட்டி அதே அளவு ஆசிட் ஊற்றும் நாளில்தான் ஆள் விழுவார்.

கறை போனது என்கிறீர்கள். போகவைத்தது ஆசிட் மட்டும்தான். போர்வெல் தண்ணீரில் வரும் வெள்ளை, மஞ்சள் திட்டு உப்புக் கறை, அது அமிலத்தில்தான் கரையும், பிளீச்சிங் பவுடர் அதை ஒன்றும் செய்யாது. வழுக்கும் பச்சை, கறுப்புப் பாசிக்கும் நாற்றத்துக்கும் பிளீச்சிங் பவுடர், அதற்கு ஆசிட் வீண். துருக்கறை என்றால் பிளீச்சிங் பவுடர் இன்னும் அழுத்தமாக ஏற்றிவிடும். எந்தக் கறை என்று பார்த்துவிட்டால் இரண்டையும் சேர்க்கும் தேவையே வராது.

உப்புக் கறைக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) இரண்டு மேசைக்கரண்டி, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர். கறையில் ஊற்றி இருபது நிமிடம் காயாமல் வைத்து, பிளாஸ்டிக் பிரஷால் தேயுங்கள். பிடிவாதமான கறைக்கு இரண்டு முறை. சிமெண்ட் தரை, மொசைக் என்றால் அமிலம் எதுவும் வேண்டாம், தரையையே தின்றுவிடும். டைல்ஸ் இடுக்குப் பூச்சு உதிர்வதும், ஸ்டீல் ஜல்லடை கறுத்துப் பொத்துப்போவதும் ஆசிட் வேலைதான்.

பாசிக்கு ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பவுடர். பிளாஸ்டிக் பக்கெட்டில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். பவுடரை அப்படியே தூவினால் மூலையிலும் தண்ணீர் போகும் துளைக்கு அடியிலுள்ள டிராப்பிலும் கட்டியாக உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் அலம்பிவிட்டதாக நினைப்பீர்கள், அடுத்த நாள் ஆசிட் பட்டதும் அந்தக் கட்டி புகையும். வெந்நீர் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு நாலைந்து பக்கெட் தண்ணீர் விட்டு அலம்புங்கள். பல குடும்பத்துக்குப் பொதுவான கக்கூஸ் என்றால் முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மூத்திர வாடையைப் போக்குங்கள். அதிலுள்ள அம்மோனியாவோடு பிளீச்சிங் சேர்ந்தால் குளோரமின் என்று இன்னொரு எரிச்சல் வாயு வரும். அமில வேலை ஒரு வாரம், பிளீச்சிங் வேலை அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும், மன்னியுங்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது ஊரே பேசியது, பேசத்தான் வேண்டும். ஆனால் தெருவில் விற்கும் ஆசிட்டைப் பற்றியும் பேச வேண்டும். அமில விற்பனைக்கு 2013 ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு போட்டது. வாங்குபவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் இன்றும் மீன்பாடி வண்டியில் "ஆசிட், பினாயில்" என்று வருகிறது, பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில், லேபிள் இல்லாமல், எத்தனை சதவீதம் என்று விற்பவருக்கே தெரியாமல். வண்டிக்காரரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு ஒரு கையுறைகூட யாரும் தரவில்லை. அதை அந்த பாட்டிலில் நிரப்பி அனுப்புகிறவர்களைத்தான் சொல்கிறேன். தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை குடிப்பது அந்த பாட்டிலைத்தான்.

யாராவது குடித்துவிட்டால் புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது ஒரு முறை வெந்த உணவுக்குழாய் ஏறும்போது இன்னொரு முறை வேகும். பினாயில் என்றால் வாந்தியில் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். வாயைக் கொப்பளிக்க வைத்து, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கண்ணில் பட்டால் குழாயைத் திறந்து இருபது நிமிடம் கழுவிய பிறகுதான் ஆட்டோ. டெல்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையம் 1800 116 117, இலவச எண், இருபத்து நாலு மணி நேரமும்.

உங்கள் பாத்ரூமில் நேற்றைய பவுடர் இன்னும் மூலையில் இருக்கும். கதவைத் திறந்து வைத்து, வாசலில் நின்றபடியே ஆறேழு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். வாடை போனபிறகு கையுறை போட்டுக்கொண்டு ஜல்லடையைத் தூக்கி, அடியில் கட்டி இருந்தால் பழைய கரண்டியால் சுரண்டி, மறுபடியும் தண்ணீர் விடுங்கள். மிச்ச ஆசிட்டை இன்று சாக்கடையில் ஊற்ற வேண்டாம், பவுடர் போன வழியும் அதுதான். மூடியை இறுக்கி, பாட்டிலில் மார்க்கரால் பெரிதாக "ஆசிட்" என்று எழுதி, பவுடர் இருக்கும் பக்கம் வைக்காமல், குழந்தைகள் கைக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள்.