ஒரே சட்டை, இரண்டு விலை: உடை வாங்குவது பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: நானும் என் தம்பியும் ஒரே கடையில், ஒரே பிராண்டில் வெள்ளைப் பருத்திச் சட்டை வாங்கினோம். என்னுடையது அளவில் சிறியது, துணியும் மெல்லிசு, பாக்கெட் கிடையாது. விலை மட்டும் கூடுதல். கேட்டால், "லேடீஸ் மாடல் அப்படித்தான்" என்கிறார்கள். எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: இல்லை. 2015-ல் நியூயார்க் நகரத்தின் நுகர்வோர் துறை, ஏறத்தாழ 800 பொருட்களை ஆண் வகை, பெண் வகை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை பார்த்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பெண்களுக்கானவை சராசரியாக 7 சதவீதம் கூடுதல். பெரியவர்களின் உடையில் 8 சதவீதம், குழந்தைகள் உடையில்கூட 4 சதவீதம். பெரியவர்களின் உள்ளாடையிலோ ஆண்கள்தான் அதிகம் கொடுத்தார்கள். உங்கள் தம்பிக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள், அதையே பிடித்துக்கொள்வார்.

கடைக்காரர் தரப்பில் ஒரு நியாயமும் உண்டு. உடம்போடு பொருந்தும்படி மடிப்புத் தையல் வைத்தால் வெட்டும் வேலையும் தைக்கும் வேலையும் கூடும். பெண்கள் உடையில் மாடல்கள் அதிகம், ஒவ்வொன்றும் குறைவான எண்ணிக்கையில் தயாராகும், சீசன் முடிந்தால் தேங்கும். அந்த நஷ்டத்தையும் விலையிலேயே ஏற்றிவிடுவார்கள். ஆனால் நேர்வெட்டாக, மடிப்பே இல்லாமல் தைத்த சட்டைக்கு அந்தத் தையல் காரணம் பொருந்தாது.

அடுத்த முறை விலைச்சீட்டைப் பார்க்கும் முன் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையல் நெருக்கமாக இருக்கிறதா, ஓரத்தில் பிரித்துவிடத் துணி விட்டிருக்கிறார்களா, வெளிச்சத்தில் பிடித்தால் கை தெரிகிறதா? பிறகு ஆண்கள் பகுதிக்குப் போய் அதே பிராண்டில் அதே வகையை எடுத்து இதையே செய்யுங்கள். டீ-ஷர்ட், ஸ்வெட்டர், சாக்ஸ் போன்றவற்றை அங்கேயே வாங்குவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். சட்டையானால் பொத்தான் மறுபக்கம் இருக்கும், இரண்டு நாளில் கை பழகிவிடும்.

கேள்வி: ஒரு கடையில் எனக்கு 12 சரியாக இருக்கிறது, இன்னொன்றில் 16-ம் ஏறவில்லை. ஆன்லைனில் மூன்று சைஸ் வரவழைத்து இரண்டைத் திருப்பி அனுப்புகிறேன். என் கணவர் ஐந்து நிமிடத்தில் பேண்ட் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். என் உடம்பில்தான் கோளாறா?

பதில்: கோளாறு அந்த எண்ணில். 12 என்றால் எதில் 12? இஞ்சா, சென்டிமீட்டரா? எதுவும் இல்லை. உங்கள் கணவரின் பேண்டில் 34 என்று போட்டிருந்தால் அது இடுப்புச் சுற்றளவு, இஞ்சில். சில பிராண்டுகள் அதிலும் தாராளமாக ஒரு இஞ்சு கூட்டித் தைத்துவிட்டு 34 என்றே போடுகின்றன. ஆனாலும் அந்த எண் ஏதோ ஒன்றின் அளவு. பெண்கள் சைஸ் பெரும்பாலும் வெறும் பெயர்.

இதை ஒழுங்குபடுத்த அமெரிக்காவில் ஒரு முயற்சி நடந்தது. 1939, 40-ல் அரசின் வேளாண்மைத் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 இடங்களில் அளந்தது. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த அளவுகளை அடிப்படையாக வைத்து 1958-ல் ஒரு தரநிலை வந்தது. பல பேரை விட்டுவிட்டுச் செய்த சட்டகத்துக்குள் மீதிப் பேரும் அடங்கவில்லை. 1983-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அப்புறம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு கணக்கு. சின்ன எண்ணைப் பார்த்தால் வாங்குபவருக்குச் சந்தோஷம் என்று, பெரிய உடைக்குச் சின்ன எண் போடும் பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது.

என்னைக் கேட்டால் விலை வித்தியாசத்தைவிட இதுதான் பெரிய செலவு. டிரையல் ரூமில் நிற்கும் நேரம், திருப்பி அனுப்பும் கட்டணம், கெடு தாண்டியதால் அலமாரியில் தூங்கும் உடை, எதற்கும் பில் கிடையாது.

எனவே எண்ணை மறந்துவிடுங்கள். உங்களுக்கு மிகவும் கச்சிதமாக இருக்கும் உடையைத் தரையில் சமமாக விரித்து, டேப் வைத்து அளந்து, தோள், மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே அகலமான இடம், நீளம் இவற்றைப் போனில் குறித்துவையுங்கள். ஆன்லைன் அளவு அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அது உடம்பின் அளவா, உடையின் அளவா? பல பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மார்பு 36 என்பது உடம்பின் அளவு என்றால் உடை அதைவிடச் சில இஞ்சு பெரிதாக இருக்கும். உடையின் அளவு என்றால், 36 இஞ்சு மார்புக்கு அது மூச்சுவிட முடியாத சட்டை. எது என்று எழுதவில்லையானால் விற்பவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

கேள்வி: ஜீன்ஸ் பாக்கெட்டில் போன் நுழையவில்லை. சிலவற்றில் பாக்கெட் மாதிரி கோடு மட்டும் இருக்கிறது. ஏன் இப்படி?

பதில்: 2018-ல் தி புட்டிங் என்ற இணைய இதழ் 20 பிராண்டுகளின் ஜீன்ஸை அளந்தது. பெண்களுடையதில் முன் பாக்கெட் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு. மெலிதாகத் தெரிய வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். பாக்கெட் இல்லாவிட்டால் கைப்பை வேண்டும், அதையும் யாரோ விற்கிறார்கள். (இது என் சந்தேகம், ஆதாரம் கேட்காதீர்கள்.)

கோடு மாதிரி இருப்பதை நகத்தால் தடவிப் பாருங்கள். உள்ளே பை இருந்தால் அது தையல் போட்டு மூடிய உண்மையான பாக்கெட்தான், கவனமாகப் பிரித்தால் திறந்துகொள்ளும். ஆழம் போதாத பாக்கெட்டுக்கு, உள்பையின் அடியை வெட்டி இன்னும் கொஞ்சம் துணி சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். தையல்காரருக்கு அது சின்ன வேலை.

கேள்வி: எப்போது பார்த்தாலும் பெண்கள் கஷ்டமே எழுதுகிறீர்களே! ஆறடி உயரமும் ஒல்லி உடம்பும் உள்ள எனக்குக் கடைகளில் நீலம், கறுப்பு, சாம்பல் தவிர ஒன்றும் கிடைப்பதில்லை.

பதில்: ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்கு இன்னொரு துருப்புச் சீட்டும் தருகிறேன். அமெரிக்காவில் இறக்குமதியாகும் சில வகைத் தோல் கையுறைகளில் ஆண்களுடையதற்குச் சுங்க வரி 14 சதவீதம், மற்றவற்றுக்கு 12.6. இது பாகுபாடு என்று ஒரு கையுறை நிறுவனம் வழக்குப் போட்டு 2010-ல் தோற்றது. உயரத்துக்கு வழி, கால் நீளத்தைத் தனி எண்ணாகக் குறிப்பிடும் பேண்ட்டுகளை மட்டும் பார்ப்பது. நிறத்துக்கு என்னிடம் மருந்தில்லை.

கேள்வி: சலவைக் கடையில் என் சட்டைக்கு ஆண்கள் சட்டையைவிட அதிகம் வாங்குகிறார்கள். தட்டிக் கேட்க முடியுமா?

பதில்: நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் 1995-ம் ஆண்டுச் சட்டம் சேவைக் கட்டணத்தில் இதைத் தடுக்கிறது, பொருட்களுக்கான சட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. வேலையோ நேரமோ உண்மையிலேயே கூடினால் கூடுதல் வாங்கலாம், பெண் என்பதற்காக வாங்கக் கூடாது.

சட்டம் இல்லாத இடத்திலும் அந்த வாதம் செல்லும். பெரிய கடைகளில் இஸ்திரி இயந்திரம் ஆண்கள் சட்டை அளவுக்கு அமைந்தது. சின்னச் சட்டை அதில் பொருந்தாது, கையால் தேய்க்க வேண்டும் என்பார்கள். சரி, உங்கள் சட்டையை எதில் தேய்த்தார்கள் என்று கேளுங்கள். இயந்திரத்தில் என்றால் இயந்திரக் கட்டணம்தான் தருவேன் என்று சொல்லுங்கள். சட்டையைக் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும், திரும்ப வாங்கும்போது அல்ல.