முதல் பில்லுக்கு முன்பே எழுத வேண்டிய கணக்குக் கொள்கை: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் தொழில் ஆலோசனை நிறுவனம் தொடங்கி ஓரிரு வருடம் ஆனவர்களுடையவை. சரக்கு இல்லை, கிடங்கு இல்லை, அதனால் கணக்கு சுலபம் என்று நினைத்து இறங்கியிருக்கிறார்கள். சரக்கு இல்லாததுதான் சிக்கலே. எந்தத் தேதியில் வருமானம் வந்தது என்பதை எடைச்சீட்டு காட்டாது. நீங்கள் எழுதி வைத்த கொள்கைதான் காட்ட வேண்டும். 2025 வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டதால் எண்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அப்பச்சி தேவகோட்டையில் கடை வைத்திருந்தவர். "பணம் கைக்கு வந்தால்தானே வரவு, பில் போட்டாலே வரவா?" என்கிறார். எங்களுடையது பிரைவேட் லிமிடெட். அவர் சொல்வதுபோல் எழுதலாமா?

முடியாது. 2013 கம்பெனிச் சட்டப்படி கம்பெனியின் கணக்கு இரட்டைப் பதிவு முறையில், உரிமை ஏற்பட்ட தேதி அடிப்படையில்தான் இருக்க வேண்டும். எல்எல்பி (பொறுப்பு வரையறுத்த கூட்டாண்மை) என்றால் ரொக்க அடிப்படையைத் தேர்ந்தெடுக்கலாம். தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கும் வருமான வரிச் சட்டம் அந்த வசதியைத் தருகிறது. நீங்கள் கம்பெனி பதிந்த அன்றே அந்த வாசல் மூடிவிட்டது என்று அப்பச்சியிடம் சொல்லுங்கள்.

புதுவயலில் ஒரு அரிசி ஆலைக்கு ஆறு மாத ஒப்பந்தம். கட்டணம் 6 லட்சம். ஜனவரியில் 2 லட்சம் அட்வான்ஸ் வாங்கினோம். மின்செலவு மிச்சமானால் அந்த மிச்சத்தில் 10 சதவீதம் தனியாகத் தருவார்கள். மார்ச் 31 அன்று எவ்வளவு வருமானம் காட்ட வேண்டும்?

மூன்று தொகைகளை ஒன்றாகக் குழப்பியிருக்கிறீர்கள்: வாங்கிய பணம், போட்ட பில், செய்த வேலை. வருமானம் மூன்றாவதைப் பார்த்துத்தான் வரும்.

சேவை வருமானத்துக்குக் கணக்கியல் தரம் 9 இரண்டு வழிகளைச் சொல்கிறது. வேலை நடக்க நடக்க அதே விகிதத்தில் எழுதுவது ஒன்று. முழுவதும் முடிந்தபின் எழுதுவது இன்னொன்று. கடைசி அறிக்கையைக் கொடுத்தால்தான் வாடிக்கையாளருக்குப் பயன் என்கிற சின்ன வேலைகளுக்கு இரண்டாவது பொருந்தும். ஆனால் வருமான வரிக்கான கணக்கீட்டுத் தரம், முடிந்தபின் எழுதும் முறையை 90 நாளுக்கு மேற்படாத ஒப்பந்தங்களுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. ஆறு மாத ஒப்பந்தத்துக்கு இரண்டு கணக்கு வைத்துக்கொண்டு திண்டாடுவானேன்? விகித முறையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

விகிதத்தை எப்படி அளப்பது? மொத்தம் 400 மணி நேர வேலை என்று மதிப்பிட்டு, மார்ச் 31 வரை 180 மணி நேரம் ஆகியிருந்தால் 45 சதவீதம். வருமானம் 2,70,000. அட்வான்ஸ் 2,00,000 கழிய, மீதி 70,000 ரூபாய் 'பில் போடாத வருமானம்' என்று சொத்துப் பக்கம் உட்காரும். 100 மணி நேரம்தான் ஆகியிருக்கிறது என்றால் வருமானம் 1,50,000. மிச்ச அட்வான்ஸ் 50,000 நீங்கள் ஆலைக்குப் பட்டிருக்கும் கடன், பொறுப்புப் பக்கம் போகும். இதற்கெல்லாம் அடிப்படை நேரக் குறிப்பேடு. அதை வாராவாரம் எழுதாமல் மார்ச் கடைசியில் உட்கார்ந்து கற்பனையில் நிரப்புகிறவர்கள் அதிகம். தணிக்கையில் அதுதான் முதலில் உடையும்.

மின்செலவு மிச்சப் பங்கைத் தொடவே தொடாதீர்கள். மின் கட்டணம் குறைந்து, எவ்வளவு மிச்சம் என்பதை ஆலையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது வருமானம்.

ஜிஎஸ்டிக்குக் கதை வேறு. சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு, வாங்கியபோதே வரிப் பொறுப்பு வந்துவிடும். 2 லட்சத்தோடு 18 சதவீதம் 36,000 தனியாக வாங்கியிருந்தால் அதைக் கட்டிவிட்டு ரசீதுச் சீட்டு கொடுங்கள். தனியாக வாங்க மறந்திருந்தால் அந்த 2 லட்சத்துக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது உங்கள் கைக்கு நிற்பது சுமார் 1,69,500 மட்டும். ஒப்பந்தத்தில் 'ஜிஎஸ்டி தனி' என்று ஒரு வரி சேர்க்காதவர்கள் தங்கள் லாபத்திலிருந்துதான் வரி கட்டுகிறார்கள்.

1 லட்சத்துக்கு பில் போட்டோம். வங்கியில் (ஜிஎஸ்டி தவிர) 90,000 வந்தது. 90,000 என்று வருமானம் எழுதியது சரிதானே?

தவறு. வருமானம் 1 லட்சம். வாடிக்கையாளர் வருமான வரிக்காகப் பிடித்த 10,000 (டிடிஎஸ்) உங்கள் பெயரில் அரசிடம் இருக்கும் பணம், சொத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பரம்பரை வீடு. பங்காளிகள் நால்வருக்கும் சமபங்கு; நான் கம்பெனி இயக்குநர். முகப்பையும் இரண்டு அறைகளையும் அலுவலகமாக்கி, உடைந்த ஆத்தங்குடிக் கல்லை மாற்றி, தடுப்பும் கழிப்பறையும் கட்டினோம். செலவு முழுவதையும் 'கட்டடம்' என்று காட்டலாமா?

இந்த வட்டாரத்துக்கே உரிய கேள்வி. நல்ல வேளை, கணக்கு முடிப்பதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள்.

வீடு கம்பெனியுடையது அல்ல, உங்கள் நால்வருடையது. அதனால் கட்டடம் என்று கம்பெனி ஏட்டில் எழுத இடமில்லை. முதலில் நால்வரும் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம் போடுங்கள், பங்கு விவரத்தோடு. வாய்ப்பேச்சில் 'நம்ம வீடுதானே' என்று விட்டால், பிறகு ஒரு பங்காளி கணக்குக் கேட்கும்போது கம்பெனியும் குடும்பமும் சேர்ந்து சிக்கும்.

உடைந்த கல்லுக்குப் பதில் கல் பதித்தது பழுதுபார்ப்பு. அந்த வருடச் செலவு. புதிதாகக் கட்டிய தடுப்பும் கழிப்பறையும் வாடகை இடத்தில் செய்த மேம்பாடு; சொத்தாக எழுதி, ஒப்பந்தக் காலத்துக்குள் தேய்மானம் போட்டு முடிக்க வேண்டும். மூன்று வருட ஒப்பந்தம் என்றால் பொதுவாக மூன்று வருடம்.

இயக்குநரான உங்களுக்குப் போகும் வாடகையைத் தொடர்புடையோர் பரிவர்த்தனை என்று குறிப்புகளில் வெளியிட வேண்டும். உங்கள் கம்பெனி ஜிஎஸ்டியில் பதிந்திருந்து, வீட்டுக்காரர்கள் பதியாதவர்கள் என்றால், வாடகைக்கான 18 சதவீதத்தைக் கம்பெனியே தலைகீழ் முறையில் (சேவை தருபவருக்குப் பதில் பெறுபவர் வரி கட்டுவது) கட்டிவிட்டு, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிக்கும் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

கம்பெனி பதிவுச் செலவு, லேப்டாப்: எதை எத்தனை வருடத்தில் கழிப்பது?

பதிவுச் செலவு ஏட்டில் அந்த வருடமே செலவு. வருமான வரிக்கு மட்டும், உச்சவரம்புக்கு உட்பட்டு, ஐந்து வருடத்தில் ஐந்தில் ஒரு பங்காகக் கழியும். லேப்டாப்புக்குக் கம்பெனிச் சட்ட அட்டவணையில் 3 வருடம், மேசை நாற்காலிக்கு 10 வருடம். வருமான வரியில் லேப்டாப்புக்குக் குறையும் மதிப்பில் 40 சதவீதம், மேசை நாற்காலிக்கு 10. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது, போகவும் வேண்டியதில்லை. இரண்டிலும் கழியும் வருடம் மாறுவதால் வரும் வரி வித்தியாசத்தை 'ஒத்திவைத்த வரி' என்று ஏட்டில் எழுதினால் போதும்.

சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர் இரண்டு வேலை தந்திருக்கிறார். ஒன்று, அங்கே உள்ள அவருடைய கடைகளுக்கு விலை நிர்ணய ஆலோசனை. மற்றது, பள்ளத்தூர் வீட்டை விடுதியாக மாற்றும் பணிக்கு மேற்பார்வை. சிங்கப்பூர் டாலரில் பில் போடுகிறோம்.

முதல் வேலை சேவை ஏற்றுமதி. ஜிஎஸ்டி துறைக்கு உறுதிக்கடிதம் (எல்யுடி) கொடுத்துவிட்டு வரியில்லாமல் பில் போடலாம். இரண்டாவது அப்படி அல்ல. அசையாச் சொத்தோடு நேரடியாகச் சேர்ந்த சேவைக்கு, சொத்து இருக்கும் இடமே சேவை நடந்த இடம். ஆள் சிங்கப்பூரில் இருந்தாலும் வீடு பள்ளத்தூரில்தானே இருக்கிறது? 18 சதவீதம் உண்டு. இரண்டையும் ஒரே பில்லில் கலக்காதீர்கள்.

நாணய மாற்றுக்கான கொள்கை இதுதான்: பில் தேதியின் மாற்று விகிதத்தில் வருமானம். 5,000 டாலர் பில், அன்று 64 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,20,000. மார்ச் 31 அன்று பணம் வராமல் விகிதம் 65 ஆகியிருந்தால் பாக்கியை 3,25,000 ஆக்கி, 5,000 ரூபாயை நாணய மாற்று லாபமாக எழுதுங்கள். வருமானத் தொகையைத் திருத்தக் கூடாது.

லாபத்தில் கோயிலுக்கு மகமை எடுத்து வைக்கிறோம். செலவாக எழுதலாமா?

எடுத்து வைப்பது செலவாகாது, கொடுத்தால்தான் நன்கொடை. அதுவும் தொழில் செலவு அல்ல. சலுகையில்லாத 22 சதவீத வரித் திட்டத்தில் கம்பெனி இருந்தால், நன்கொடைக் கழிவும் கிடையாது. இயக்குநர்கள் சொந்தக் கணக்கிலிருந்து கொடுப்பதே தெளிவு.

ஒரு வாடிக்கையாளர் எட்டு மாதமாகப் பணம் தரவில்லை.

சந்தேகக் கடனுக்கான ஒதுக்கீட்டைக் கொள்கையில் எழுதுங்கள்: உதாரணமாக 180 நாள் தாண்டினால் பாதி, ஒரு வருடம் தாண்டினால் முழுவதும். ஆனால் வருமான வரிக்கு ஒதுக்கீடு செல்லாது. ஏட்டிலிருந்து தள்ளினால்தான் கழியும். கட்டிய ஜிஎஸ்டி திரும்பாது. உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். சிறு நிறுவனத்துக்கு உரிய கெடுவுக்குள் (அதிகபட்சம் 45 நாள்) பணம் தராவிட்டால், அந்தச் செலவைக் கொடுக்கும் வருடத்தில்தான் அவர் கழித்துக்கொள்ள முடியும். அவருடைய ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார்.

எக்செல்லில் கணக்கு எழுதுகிறோம். போதுமா?

கம்பெனிக்குப் போதாது. கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் கம்பெனிகள் 1.4.2023 முதல், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதியும், அணைக்க முடியாத தணிக்கைத் தடம் உள்ள மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். இருக்கிறதா என்று தணிக்கையாளர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். புது மென்பொருளுக்கு மாறுவதானால் ஏப்ரல் 1 அன்று மாறுங்கள். பழைய கோப்பை அழிக்காதீர்கள், எட்டு வருடம் வைத்திருக்க வேண்டும்.